அண்ணாச்சி வகை பிரித்த விண்கப்பல்

முத்துகிருஷ்ணன் அண்ணாச்சிக்குக் கை சும்மா இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது. தி. நகரில் நாங்கள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் அவர் இரண்டாவது மாடி, பட்டுப் பிரிவு. நான் லாரன்ஸ், அதே மாடியில் பேக்கிங். இருபத்திரண்டு வருடமாக அவர் விற்கிற புடவையை நான்தான் பெட்டியில் போட்டுக் கொடுக்கிறேன்.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. விரித்துக் காட்டிய புடவையெல்லாம் மடிந்து, நிறம் வாரியாக, ரகம் வாரியாக அலமாரிக்குத் திரும்பிய பிறகுதான் அடுத்த வாடிக்கையாளரை உட்காரவைக்க வேண்டும். கல்யாண வீட்டார் வந்தால் அறுபது புடவை விரியும். அறுபதையும் பார்த்துவிட்டு, 'எதிர்க்கடையிலயும் ஒரு தடவ பாத்துட்டு வரோம்' என்று எழுந்து போவார்கள். மற்ற பையன்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மடிப்பார்கள். அண்ணாச்சி அனுபவித்து மடிப்பார். முந்தானை உள்ளே, பார்டர் வெளியே, இரண்டு தட்டு தட்டினால் தறியிலிருந்து அப்போதுதான் வந்த மாதிரி இருக்கும். டீக்கடையில் நின்றால்கூட மற்றவர்கள் குடித்து வைத்த காலி கிளாஸ்களை வரிசையாக அடுக்கிவைப்பார். டீ மாஸ்டர் 'அண்ணாச்சி, பேசாம இங்கயே வேலைக்குச் சேந்துரு' என்று கேலி செய்வான். எதுவும் விரித்தபடி கிடந்தால் அவருக்குப் பொறுக்காது, அவ்வளவுதான்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்து இந்தக் கடையில் சேர்ந்தவர். இப்போது ஐம்பத்தாறு. கோட்டூர்புரத்தில் ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாவது மாடி. மனைவி கோமளம். ஒரே பெண் சரண்யா, இருபத்தேழு வயது. அந்தப் பெண் பொறியியல் படித்து, வேளச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் நான்கு வருடம் வேலை பார்த்தது. முதல் மாதச் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு கைக்கடிகாரமும், ஏனோ தெரியவில்லை, எனக்கு ஒரு குடையும் வாங்கிக் கொடுத்தது.

போன வருடம் ஒருநாள் காலையில் சரண்யா படுக்கையைவிட்டு எழுந்திருக்கவில்லை. மறுநாளும் எழுந்திருக்கவில்லை. குளியல் நின்றது, சாப்பாடு நின்றது, பேச்சு நின்றது. காதல் தோல்வியா, ஆபீஸில் ஏதாவதா, யாராவது ஏதாவது வைத்துவிட்டார்களா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எங்கள் மாடியில் மட்டும் ஒன்பது பேர் ஒன்பது வைத்தியம் சொன்னார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒருத்தனிடம், "உன் வூட்ல யாருக்கானா சுகர் வந்தா, யாரை லவ் பண்ணாங்கன்னா கேட்டுகினு கீறோம்?" என்று கத்திவிட்டேன். அதன்பிறகு என் எதிரில் யாரும் வாய் திறக்கவில்லை. காரணம் என்று ஒன்று இருந்தால் அண்ணாச்சியாவது அதோடு சண்டை போட்டிருப்பார். காரணமே இல்லை.

அந்த ஜூலையில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிட்டது. என்ன செய்துகொள்ளப் பார்த்தாள் என்பதை எழுத எனக்கு மனம் வரவில்லை. கோமளம் அக்கா சரியான நேரத்தில் கதவைத் தள்ளினார், பிழைத்தாள். பத்தொன்பது நாள் வார்டில் இருந்தாள். உள்ளே கூட்டிப்போகும்போது அப்பாவின் சட்டைப் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். பாக்கெட் கிழிந்து கையோடு போய்விட்டது. அண்ணாச்சி கிழிந்த பாக்கெட்டோடு அப்படியே கடைக்கு வந்தார். சூப்பர்வைசர் யூனிஃபார்மைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் முறைத்தேன், போய்விட்டார். "இனிமே என்ன ஆனாலும் அவள அங்க கொண்டு விட மாட்டேன் லாரன்ஸு" என்றார் அண்ணாச்சி. அவர் எதையும் சத்தியம் செய்து சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு வந்தபிறகு அடையாற்றில் ஒரு டாக்டரம்மா பார்த்தார்கள், புஷ்ரா என்று பெயர். நல்ல மாதிரி. சரண்யா மாடிப்படி இறங்க மாட்டேன் என்று இருந்ததால் மாதம் ஒருமுறை போனிலேயே முகம் பார்த்துப் பேசுவார்கள். அண்ணாச்சி போய் மருந்துச் சீட்டு வாங்கிவருவார். இப்படியே பத்து மாதம் போனது.

இந்த வருடம் மே மாதம் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. சரண்யா தானே போனில் ஆர்டர் போட்டிருக்கிறாள். அவள் எதையாவது வேண்டும் என்று நினைத்தது அந்தப் பத்து மாதத்தில் அதுதான் முதல் தடவை. பிரித்தால், பிளாஸ்டிக் மாடல் கிட். கற்பனைக் கதைகளில் வருகிற விண்கப்பல், ஜப்பானில் செய்தது. ஒட்டி முடித்தால் ஒரு முழம் நீளத்துக்கு இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒரு சரக்குக் கப்பல் வரும் என்று அட்டையில் படம் போட்டிருந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் பதினெட்டு பிளாஸ்டிக் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் விரல்நகம் அளவிலும் அதைவிடச் சின்னதாகவும் துண்டுகள், பிஞ்சு மாங்காய் காம்பில் தொங்குகிற மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு.

அண்ணாச்சி தினமும் கடையில் வந்து சொல்வார். காலை பதினொரு மணிக்கு அவள் சாப்பாட்டு மேசையில் வந்து உட்காருகிறாளாம். புத்தகத்தைப் பார்த்து, சின்னக் கட்டரால் ஒரு துண்டை வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, ஊதி, ஒட்டுகிறாளாம். அடுத்த துண்டை அப்புறம்தான் வெட்டுவாளாம். நல்ல நாளாக இருந்தால் மூன்று துண்டு, நான்கு துண்டு. "இன்னிக்குத் தலை சீவியிருந்தா லாரன்ஸு." "இன்னிக்கு அவ அம்மைகிட்ட காப்பி கேட்டா, கேட்டியா." "முன்பக்கம் முடிஞ்சுட்டு. கண்ணாடி சன்னல்லாம் வச்சிட்டா." எங்கள் மாடி முழுவதுக்கும் கப்பல் எந்த அளவில் இருக்கிறது என்று தெரியும். புடவை பார்க்க வந்த ஓர் அம்மாளிடம்கூடச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் பொண்ணு சின்னக் குழந்தை என்று நினைத்துக்கொண்டு ஒரு சாக்லேட் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூலையில் டாக்டரம்மா போனில் சரண்யாவிடம் கேட்டார்களாம், கப்பல் முடிந்ததும் என்ன செய்யப்போகிறாய் என்று. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானே எடுத்துட்டு வந்து உங்களுக்குக் காட்டறேன் டாக்டர். பஸ்லயே வரேன்" என்றிருக்கிறாள். டாக்டரம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். அப்புறம் அண்ணாச்சியைத் தனியாகக் கூப்பிட்டு, நேரில் பார்க்காமல் இனியும் மாத்திரை எழுதிக்கொண்டே போக முடியாது, நவம்பர் வரை பார்ப்போம், அவள் வந்துவிட்டால் நல்லது, வரவில்லையென்றால் மறுபடி வார்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டிவரும் என்று சொன்னார்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை, டாக்டர் என்றால் அப்படித்தான் சொல்ல வேண்டும். அண்ணாச்சி நவம்பருக்கு நாளை எண்ண ஆரம்பித்தார். ஆனாலும் கப்பல் வளர்ந்துகொண்டிருந்தது, அதனால் தெம்பாகவே இருந்தார்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. அவருக்கு வார லீவு. மத்தியானம் எனக்குப் போன் வந்தது.

"லாரன்ஸு, பிள்ள மாத்திரை போட்டுட்டுத் தூங்குதா. பாவம், ஒவ்வொரு துண்டா அந்தச் சட்டத்துக்குள்ள தேடித் தேடி எடுக்கா. நான் எல்லாத்தையும் வெட்டி, வகை பிரிச்சு, டப்பாவுல போட்டுட்டு இருக்கேன். எந்திரிச்சுப் பாத்தா அப்படியே எடுத்து ஒட்டிக்கிடலாம்லா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்ல காரியம் அண்ணாச்சி. சீக்கிரம் முடிஞ்சுடும்" என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மீதி இருந்த இருநூற்று எண்பது துண்டையும் அவர் வெட்டினார். காம்பு நீட்டிக்கொண்டிருந்ததையெல்லாம் நறுக்கினார். நீளமானவை ஒரு டப்பா, வட்டமானவை ஒரு டப்பா, ஓட்டை உள்ளவை ஒரு டப்பா, பொடிசு ஒரு டப்பா. இனிப்புக்கடை பிளாஸ்டிக் டப்பாக்கள், பதினோரு டப்பா. வெறும் சட்டங்களை உடைத்துக் கட்டிக் கீழே வந்த குப்பை வண்டியில் போட்டுவிட்டார். மேசையைத் துடைத்து டப்பாக்களை வரிசையாக வைத்தார். முதலாளியே வந்து பார்த்திருந்தாலும் மெச்சியிருப்பார்.

நான்கு மணிக்குச் சரண்யா எழுந்து வந்தாள். அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு, "பாரு" என்றார். அவள் பார்த்தாள். ஒரு டப்பாவைத் திறந்து, மூடினாள்.

"ஃப்ரேம்லாம் எங்கப்பா?"

"அது எதுக்கும்மா, குப்பை வண்டில போட்டாச்சு."

"நம்பர் எல்லாம் அதுலதாம்ப்பா இருந்துச்சு."

துண்டில் நம்பர் கிடையாது. துண்டுக்குப் பக்கத்தில், சட்டத்தின் காம்பில்தான் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். புத்தகத்தில் 'கே பன்னிரண்டை எடுத்து எம் ஏழோடு ஒட்டு' என்று அம்புக்குறி போட்டுப் படம் இருக்கும். சட்டம் போனால் கே பன்னிரண்டு எது என்று செய்தவனுக்கே தெரியாது. அண்ணாச்சிக்கு இது புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் செருப்புகூடப் போடாமல் கீழே ஓடினார். வண்டி போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கார்ப்பரேஷன் ஆபீஸ் வரை போய்க் கேட்டார், அங்கே சிரித்தார்கள். திரும்பி வந்தபோது சரண்யா டப்பாக்களையெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தாள்.

"பரவால்லப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் லாரன்ஸு" என்றார் மறுநாள், மடித்த புடவையையே மறுபடி மடித்துக்கொண்டு. "தூக்கி எறிஞ்சிருக்கலாம். பரவால்லங்கா. எனக்கு அதான் தாங்கல."

இன்னொரு கிட் வாங்கினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். அதில் நம்பரைப் பார்த்து இதற்குப் போடலாமே என்று எனக்கும் தோன்றியது. நானே போனில் தேடினேன். இருப்பு இல்லை, மறுபடி வரும்போது தெரிவிக்கிறோம் என்று வந்தது. தெரிவிக்கவே இல்லை. எக்மோரிலிருந்து அடையாறு வரை பொம்மைக்கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினோம். ஒரு கடையில் வேறொரு விண்கப்பலைக் காட்டினார்கள். அண்ணாச்சி அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அதன்பிறகு சாப்பாட்டு வேளையில் நாங்கள் இருவரும் மேல்மாடி ஊழியர் கூடத்தில் உட்கார்ந்து துண்டுகளைப் படத்தோடு ஒப்பிட ஆரம்பித்தோம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். இரண்டு பேருக்கும் வெள்ளெழுத்துக் கண்ணாடி. படத்தில் எல்லாத் துண்டும் சாய்ந்து, பாதி மறைந்து இருக்கும். இடது, வலது என்று ஜோடி ஜோடியாக ஒன்று போலவே இருக்கும், ஆனால் ஒன்று பொருந்தும், ஒன்று பொருந்தாது. ஒரு மாதத்தில் உறுதியாகக் கண்டுபிடித்தது நாற்பத்தாறு. அதற்குள் தீபாவளிக் கூட்டம் ஆரம்பித்தது. உஸ்மான் ரோட்டில் மனிதத் தலையைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை, எங்களுக்குச் சாப்பிடவே நேரம் இல்லை.

எனக்கு லீவான ஒரு வியாழக்கிழமை, அண்ணாச்சி கடையில் இருக்கும்போது, ஒரு துண்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் என்மேல் பிரியமாக இருக்கும், கேட்டால் சொல்லும் என்று ஒரு நப்பாசை. கோமளம் அக்கா என்னைப் பார்த்ததும், "அவள ஒண்ணும் கேக்காதீங்கண்ணே" என்றார். கேட்டேன். சரண்யா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மேல்தாழ்ப்பாள், கீழ்த்தாழ்ப்பாள் எதுவும் அந்த அறைக்கு இல்லை, கழற்றிய இடத்தில் ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"சரண்யா, மாமா வந்துகீறேன்மா. இது இன்னா துண்டு, சொல்லு பாப்போம்."

திரும்பினாள். முகம் பாதியாகியிருந்தது. துண்டை வாங்கி விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"தெரியல மாமா. எதுவா வேணா இருக்கும்."

"நல்லா பாரும்மா."

"அப்பாவ விட்டுடச் சொல்லுங்க மாமா. எனக்கு அது வேணாம்." துண்டை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கிவிட்டாள். அவ்வளவு குளிர்ந்த கையை நான் அதற்குமுன் தொட்டதில்லை. துண்டோடு படியிறங்கி வந்துவிட்டேன். அண்ணாச்சியிடம் அவள் சொன்னதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ.

டாக்டரம்மா போன் செய்தால் அவள் எடுப்பதை நிறுத்திவிட்டாள். நவம்பர் பதினெட்டாம் தேதிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். தீபாவளி முடிந்ததும் அண்ணாச்சி ஒரு வாரம் லீவு போட்டார். முப்பத்தேழு வருடத்தில் அவர் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் லீவு போட்டது பெண் பிறந்தபோது ஒரு தடவை, இது ஒரு தடவை. தெரிந்த துண்டைத் தெரிந்த இடத்திலும், தெரியாத துண்டைத் தோன்றிய இடத்திலும் வைத்து ஒட்டிக்கொண்டே போனார். வீட்டில் கிடந்த உடனே ஒட்டும் பசையைப் பின்பக்க சன்னலுக்குப் போட்டதில் கண்ணாடி பால் மாதிரி வெளுத்துவிட்டது. துடைக்கத் துடைக்க இன்னும் மோசமானது. கடைசியில் ஐம்பத்து மூன்று துண்டு மிஞ்சியது. பின்பாதி கோணிக்கொண்டு நின்றது. ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கப்பல்தான்.

அதைச் சரண்யாவின் படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்து, "கப்பல் முடிஞ்சுட்டும்மா. போவோமா?" என்று கேட்டிருக்கிறார். அவள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாளாம்.

பதினெட்டாம் தேதி நல்ல மழை. கோமளம் அக்கா பெண்ணைவிட்டு நகர முடியாது. கப்பலைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமென்று அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். நான் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, கல்யாணப் புடவை வைக்கிற பெரிய அட்டைப்பெட்டி ஒன்றும் எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "டாக்டராண்ட இன்னா சொல்லப்போற அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கிளினிக் முதல் மாடியில். அண்ணாச்சியே பெட்டியைத் திறந்து, இரண்டு கையாலும் கப்பலை எடுத்து மேசைமேல் வைத்தார். முந்தானையைத் தட்டி விரிப்பாரே, அதே பக்குவம்.

"சரண்யா செஞ்சது டாக்டர். முடிச்சிட்டா."

டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். முன்பக்கத்தைப் பார்த்தார்கள். அங்கே ஒவ்வொரு மூட்டும் தெரியாத அளவுக்கு வழுவழுவென்று இருந்தது. மெதுவாகத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். பசை வழிந்து காய்ந்திருந்த இடத்தில் விரலை வைத்து எடுத்தார்கள்.

"முன்பக்கம் ரொம்ப அழகா செஞ்சிருக்காங்க" என்றார்கள். "சரண்யா எங்க சார்?"

"கீழ நிக்கா டாக்டர்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

"இங்க கூட்டமா இருந்தா அவளுக்கு ஒரு மாதிரி வரும்லா, அதான் கீழயே நிக்கேன்னுட்டா. பஸ்லதான் வந்தா. அவளேதான் டிக்கெட் எடுத்தா." முப்பத்தேழு வருடம் 'இது உங்க கலருக்குன்னே நெஞ்சது மேடம்' என்று சொல்லி விற்றவர். ஒரு வார்த்தை பிசகவில்லை.

"பரவாயில்ல, நானே கீழ வரேன்" என்று டாக்டரம்மா எழுந்துகொண்டார்கள்.

"வேண்டாம் டாக்டர், வேண்டாம். நீங்க இருங்க. நான் கூட்டிட்டு வாரேன்" என்று அண்ணாச்சி கதவைத் திறந்துகொண்டு வேகமாகப் படியிறங்கிப் போனார்.

நாங்கள் காத்திருந்தோம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நீங்க?" என்றார்கள்.

"கூட வேலை செய்யறேன்மா."

"சரண்யா வந்திருக்காங்களா?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவர்கள் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடி போட்டு வைத்தார்கள்.

"அவரை மேல கூட்டிட்டு வாங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன். இன்னிக்கே வீட்டுக்கு வந்து பாக்கறேன், அப்புறம் என்ன பண்ணலாம்னு யோசிப்போம்."

கீழே இறங்கிப் போனேன். அண்ணாச்சி வாசலில் இல்லை. ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில் கூரைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கோட்டூர்புரத்திலிருந்து பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா அண்ணாச்சி. டாக்டரம்மா கூப்டறாங்கோ. ஒண்ணும் சொல்ல மாட்டாங்கோ, வா."

"கொஞ்சம் பொறு லாரன்ஸு. இப்ப வந்திருவா."

"யாரு அண்ணாச்சி?"

என்ன கேள்வி கேட்கிறாய் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். "மழைல்லா. ஒரு பஸ்ஸ விட்டிருப்பா. அடுத்ததுல வந்திருவா."

கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், நகரவில்லை. ஒரு பஸ் வந்தது. இறங்கிய ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் குடைக்குள் குனிந்து குனிந்து பார்த்தார். பஸ் போனது. இன்னொன்று வந்தது, அதிலும் பார்த்தார். அவரைத் திட்ட வேண்டும்போல இருந்தது, அழ வேண்டும்போலவும் இருந்தது. மூன்றாவது பஸ் வந்து நின்றபோது அவர் முன்வாசலுக்கு ஓடினார். பின்வாசலை நான் பார்த்தேன்.